உறையில் ஒரு சதுர ஓட்டை

எங்கள் பங்குக் கோயிலில் ஒரு காலத்தில் பழைய ஸ்டாம்பு சேர்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கடித உறையில், ஸ்டாம்பைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டு வெட்டி, பூசைக்கு வரும்போது பெட்டியில் போட வேண்டும். ஒரு மடம் அதை எடைபோட்டு விற்று, எங்கேயோ இருக்கும் ஏழைகளுக்கு அனுப்பும். மரக்காணத்து உப்பளங்களில் கூலிக்கு உப்பு வாரியவர்கள், தங்களைவிட ஏழைகள் இருப்பதாக நம்பி, ஒழுங்காக வெட்டிப் போட்டார்கள்.

பிறகு கடிதம் வருவது நின்றது. மடமும் கேட்பதை விட்டது. பெட்டி மட்டும் பீடத்துக்குப் பின்னால் இருந்த அறையிலேயே கிடந்தது. போன வருடம் பங்குத்தந்தை அதை என் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவன், ஸ்டாம்பு சேர்ப்பவன், வேறு வேலை இல்லாதவன் என்று மூன்று தகுதிகளும் எனக்கு இருந்தன.

உப்புக் காற்றில் ஸ்டாம்புகள் அப்பளக் கட்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்து, உலர்த்தி, நாடு வாரியாக அடுக்கினேன். இடையிடையே கிடந்த, கோடிக்கணக்கில் அடித்த சாதாரண இந்திய ஸ்டாம்பை எந்தச் சேகரிப்பாளரும் தொட மாட்டார். அவற்றைத் தோட்டத்துக் குப்பைக் குழியில் கொட்டினேன். அதுதான் முறை.

மழைக்காலம் முடிந்து, ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு ஓர் அம்மா வந்தார். உப்பளத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். அவருடைய மகன் வளைகுடாவுக்குப் போன சில மாதங்களிலேயே கட்டடத்திலிருந்து விழுந்து இறந்தான். அங்கேயே புதைத்துவிட்டார்கள். அவனிடமிருந்து வந்தது ஒரே ஒரு கடிதம்.

“கோயில் பொட்டி உங்ககிட்டதான் இருக்குதாமே சார். என் புள்ள லெட்டர்ல வெட்டுன ஸ்டாம்பு அதுல இருக்கும். எடுத்துக் குடுங்க.”

“லெட்டர் இருக்குதாம்மா?”

“இருக்குது. ஆனா அத அவன் எழுதல. அவனுக்கு எழுத வராது, கூடத் தங்கியிருந்தவன் எழுதுனது. ஸ்டாம்பு ஒட்டுனதாவது அவனா இருக்குமில்ல? நாக்குல தடவித்தான ஒட்டியிருப்பான்.”

ஸ்டாம்பை ஈரப் பஞ்சில்தான் நனைக்க வேண்டும், நாக்கால் ஒட்டக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அதையாவது சொல்லாமல் விட்டேன்.

அந்த நாட்டு ஸ்டாம்புகளை மேசையில் பரப்பினேன். வல்லூறு படம் போட்ட ஒன்றை அவர் எடுத்தார். இடுக்கியை நீட்டினேன். வாங்கவில்லை. ஸ்டாம்பைத் திருப்பி, அதன் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார்.

“இதான் சார்.”

அதோடு விட்டிருக்கலாம். நான் உறையைக் கேட்டு வாங்கினேன். ஓரத்தில் சிவப்பும் நீலமும் கோடு போட்ட வெளிநாட்டு உறை, வலது மூலையில் சதுர ஓட்டை. ஸ்டாம்பை அதில் வைத்துப் பார்த்தேன்; ஏறக்குறையப் பொருந்தியது. ஆனால் ஓட்டையின் இடது விளிம்பில் முத்திரை வட்டத்தின் ஒரு துண்டு தங்கியிருந்தது. லென்ஸை எடுத்தேன். மெட்ராஸ் என்ற பெயரில் பாதி.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. லீவில் ஊருக்கு வருகிறவன், கூடத் தங்கியிருக்கும் எல்லாருடைய கடிதங்களையும் பெட்டியில் போட்டு எடுத்து வருவான். விமானம் இறங்கியதும் இந்திய ஸ்டாம்பு வாங்கி ஒட்டித் தபாலில் போடுவான். செலவு குறைவு, சீக்கிரமும் சேரும். நான் வேலை பார்த்த கோட்டக்குப்பத்துக்குப் பாதிக் கடிதம் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

“அம்மா, இது அங்க போட்ட லெட்டர் இல்ல. லீவுல வந்தவன் யாரோ கொண்டாந்து மெட்ராஸ்ல போட்டிருக்கான்.”

“அப்ப ஸ்டாம்பு?”

“நம்ம ஊர் ஸ்டாம்புதான். அத அந்த ஆள் ஒட்டியிருப்பான்.”

கேட்காத கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லி முடித்திருந்தேன். அவர் வல்லூறை எடுத்த இடத்திலேயே, வரிசை கலையாமல் வைத்தார்.

“நீங்க படிச்சவரு, சரியாத்தான் சொல்வீங்க” என்றார். உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “அந்தப் புள்ளயாவது வூடு வந்து சேந்துதே.”

எழுந்தவர் வாசலில் நின்றார்.

“அந்த ஸ்டாம்பாவது இருக்குதா சார்? என் புள்ள கையிலேர்ந்து வாங்கியாந்த லெட்டர்ல ஒட்டுனதுதான. அதுவே போதும்.”

“தேடிப் பாக்கறேம்மா” என்றேன். தபால் கவுண்ட்டரில் ‘இல்லை’ என்பதை இப்படித்தான் சொல்வோம். அவருக்கு அது தெரியாது. தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் குப்பைக் குழியைக் குச்சியால் கிளறினேன். மழையில் எல்லாம் கூழாகியிருந்தது. பல் விளிம்பு தெரிந்த ஒரு துண்டைப் பிடித்துத் தூக்கியதும் விரலிலேயே கரைந்தது. என் மனைவி பின்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுல என்னத்தத் தேடறீங்க?”

“ஒரு ஸ்டாம்பு.”

“உங்ககிட்ட இல்லாத ஸ்டாம்பா?”

ஆமாம் என்றேன். நம்பாமல் உள்ளே போனாள்.