மூலை வீடு கேட்டவர்

பேச்சை நிறுத்திக்கொண்ட இருவருக்கிடையில் அதன்பிறகு என்னதான் மிஞ்சுகிறது? வெள்ளிக்கிழமைக் காலைகளில் யோசெப்பினின் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழும். தாச்சியில் எண்ணெய் காய்ந்துவிட்டது. மீன் கட்லற்றுகள் தூள் புரட்டித் தட்டில் அடுக்கியபடி இருக்கின்றன. அவரோ கரண்டியும் கையுமாக நிற்கிறார். சுவருக்கு அப்பால் சிவமணியின் பூசைமணி அடித்து ஓய்ந்த பிறகே முதல் கட்லற் எண்ணெயில் இறங்கும்.

"அவவுக்காகவோ நிக்கிறன்? எண்ணெய் நல்லாக் காயவேணும்," என்பார், அடுப்பைத் தணித்தபடியே.

கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடி வீடுகளுக்கு நடுவே ஒற்றைக்கல் சுவர்தான். மீன் பொரிக்கும் வாசம் சாமியறைக்குள் வருகிறதென்று ஒரு வெள்ளிக்கிழமை சிவமணி நடைவழியில் நின்று சொன்னார். கொச்சிக்கடைத் தேவாலயத்தடியில், சனம் இறைச்சி தொடாத வெள்ளிக்கிழமைதான் தனக்கு வியாபாரம் என்று யோசெப்பின் திருப்பிச் சொன்னார். இரண்டும் நியாயம்தான். சொன்ன விதம் சரியில்லை. அன்றைக்குப் பள்ளிச் சீருடையில் நின்று பார்த்த சிவமணியின் மகன் ஜனா இப்போது வங்கியில் வேலை செய்கிறான்.

பேச்சு நின்றதே தவிர ஏச்சு நிற்கவில்லை. யோசெப்பின் மசித்த கிழங்கைப் பார்த்து, "சில பேருக்கு மூக்கு கொச்சிக்கடை வரைக்கும் நீளும்," என்பார். சற்றுப் பொறுத்து, அப்பாலிருந்து சிவமணி தன் தண்ணீர்க் குழாயிடம், "சில பேருக்கு வாய் பேலியகொடை மீன்சந்தை வரைக்கும்," என்பார். அப்போது யோசெப்பினின் முகத்தில் வருவதைக் கோபமென்று என்னால் சொல்ல முடியாது.

நல்லவர் என்று எழுதிவிடவும் மனம் வரவில்லை. அவருடைய கட்லற்றில் கிழங்கு கூட, மீன் குறைவு. கேட்டால், "மீன் வேணுமெண்டா கடலுக்குப் போங்கோ சேர்," என்பார்.

பழைய மாடியை இடித்துப் புதிது கட்டப்போகிறார்கள். இந்த முறை, வரைவதற்கு முன் எங்களையும் கேட்டார்கள். கட்டடக் கலைஞர் துஷாந்தினி வைத்த முதற் கூட்டத்திலேயே யோசெப்பின் எழுந்துவிட்டார். "எனக்கு மூலை வீடு. கடல் பக்கம் பெரிய ஜன்னல். புகை அங்கால போகட்டும், ஒருத்தரும் மூக்கைப் பொத்தத் தேவையில்லை." பிறகு மாதக்கணக்காக, கட்லற் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் இரு கைகளையும் விரித்து அந்த ஜன்னலின் அகலத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

கடைசிக் கூட்டத்தில் மேசைமேல் ஒரு பெரிய அட்டை. அதுதான் எங்கள் மாடி. வீட்டுக்கொரு நெருப்புப்பெட்டி. சமையலறை வரும் பக்கத்துக்குச் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. விரும்பிய இடத்தில் அவரவர் வைக்கலாம். யோசெப்பின் மூலையில் வைத்தார். முழங்கால் நோவால் வரமுடியாத தாய்க்காக ஜனா வந்திருந்தான். சிவமணியின் பெட்டியை லிஃப்ற்றுக்குக் கிட்ட வைத்தான். இடையில் முழு நடைவழி.

"தப்பிட்டீங்க அன்ரி. இனி அம்மாவின்ர மணி இல்லை."

"கொம்மாவும் தப்பிட்டா எண்டு போய்ச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். யோசெப்பின் துஷாந்தினியின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, மூலைக்குச் சத்தம் ஏதும் வருமோ?"

"ஒண்டும் வராது அன்ரி. கடல் காத்து மட்டும்தான்."

"அப்ப நல்லது."

தேநீர் வந்தது. குடித்து முடித்துக் கதிரைகளை அடுக்கத் தொடங்கிய வேளையில் யோசெப்பின் மறுபடி மேசையருகே போனார். மூலையிலிருந்த தன் பெட்டியை எடுத்தார். லிஃப்ற் இரைச்சலென்று யாரும் எடுக்காமல் விட்ட இடத்தில், சிவமணியின் பெட்டிக்கு அடுத்ததாக வைத்தார்.

"அன்ரி, அப்ப ஜன்னல்?" என்றார் துஷாந்தினி.

யோசெப்பின், சிவப்புப் பக்கம் சிவமணியின் பெட்டியைப் பார்க்கும்படி தன் பெட்டியைத் திருப்பினார். இரண்டுக்கும் நடுவே மிஞ்சியிருந்த மெல்லிய இடைவெளியை நகத்தால் தள்ளி மூடினார்.