முதல் பெயர்

விண்ணப்பத்தை மேசைக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டார் உப்பிலி.

"செல்லாதுப்பா."

"ஏன் சார்? எல்லாம் பூர்த்தி பண்ணியிருக்கேனே."

செங்கல்பட்டுக் கல்லூரியின் தலைமை எழுத்தரான உப்பிலி விதியின்மேல் விரலை வைத்தார். அறிவியல் மாநாட்டுக்குப் போகும் மாணவருக்குப் பயணச் செலவு உண்டு. ஆனால் கட்டுரையில் மாணவரின் பெயர் முதலில் இருக்க வேண்டும். மாயவனின் கட்டுரையில் முதல் பெயர் பேராசிரியர் சதாசிவம்.

"நாளைக்குச் சாயங்காலம் தபால் கட்டிடுவேன். அதுக்குள்ள பேரை மாத்தி அவர் கையெழுத்தோட கொண்டா. கல்கத்தா பாத்துட்டு வரலாம்."

கட்டுரை சொறி என்கிற ஜெல்லி மீனைப் பற்றியது. வலையில் வழவழவென்று ஏறி, பட்ட இடத்தை எரிய வைக்கும் பிராணி. நெம்மேலிக்குப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்த மாயவன், எந்தக் காற்றில் எத்தனை சொறி கரைக்கு வருகிறது என்று இரண்டு வருடம் இடுப்பளவு தண்ணீரில் நின்று எண்ணினான். தொடையில் தழும்பு இருக்கிறது.

சதாசிவம் கடலுக்கு வந்தது ஒரே தடவை. சென்னை விருந்தாளிகளுக்கு மகாபலிபுரம் காட்ட வந்தவர், ஷூவைக் கழற்றாமல், மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, "இதெல்லாம் என் ஆராய்ச்சி" என்று அலையைக் காட்டினார். ஆய்வகத்தில் ஒவ்வொரு புட்டியிலும் 'சேகரித்தவர்: சதாசிவம்' என்று சீட்டு உண்டு. எழுதி ஒட்டுவது மாணவர்கள். அந்தத் துறையின் வழக்கம் அது. கட்டுரையில் அவர் பெயரை முதலில் போட்டதும், யாரும் கேட்காமலே, அதே கையால் மாயவன்தான். அதை நினைக்க அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பேரை மாற்றக் கேட்டு மாயவன் போனபோது சதாசிவம் வடை தின்றுகொண்டிருந்தார்.

"உன் பேருக்குப் பின்னாடி என் பேரா?"

"நீங்க மாணவர் இல்லையே சார். இந்தப் பணம் உங்களுக்கு வராது."

"எனக்கு எதுக்கு? காலேஜ் செலவுல நான் போறேன். நீ ஒண்ணு பண்ணு, அங்க கேள்வி கேப்பாங்க, பதிலெல்லாம் எழுதிக் குடுத்துடு." எண்ணெய் விரலால் கட்டுரையைப் புரட்டினார். "வாடைக் காத்துல அதிகமா வருதுன்னு போட்டிருக்கியே, அது எந்தப் பக்கத்துக் காத்து?"

மாயவன் அவரைப் பார்த்தான். இருபது வருடமாகக் கடல் பிராணி சொல்லிக்கொடுக்கிறவர்.

"தெற்கு சார்."

சதாசிவம் ஓரத்தில் அழகாகத் 'தெற்கு' என்று எழுதிக்கொண்டார்.

குப்பத்தில் அம்மா ஆதியம்மாள் மீன் கூடையை அலசிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னான்.

"வாடை வடக்கேர்ந்து வரும். கைக்கொயந்தைக்குத் தெரியும். நம்பிட்டானா?"

"எய்திக்கினான்."

"அய்ய! சொறிய தட்டுல வெச்சா நுங்குன்னு துன்னுடுவான் போல கீதே." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நிறுத்தினாள். "டேய், அதுல உன் பேரும் கீதில்ல?"

"ரெண்டாவதா கீது."

மறுநாள் விடிந்ததும் மாயவன் தண்ணீரில் இறங்கினான். வாடை அடித்தது. சொறி முப்பத்தொன்று. நோட்டில் எழுதினான். பதில் எழுதிக் கொடுக்கவோ, 'தெற்கு' என்றதைத் திருத்தவோ கல்லூரிக்குப் போகவில்லை. சாயங்காலம் உப்பிலி தபாலைக் கட்டினார். அவனுடைய விண்ணப்பம் அதில் இல்லை.