நமுத்துப்போன நாச்சோஸ்

நாச்சோஸ் சாப்பிடாமல் வீடு திரும்புவதில்லை என்று நான் முடிவெடுத்தபோது தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கைப்பேசியில் பார்த்த ஒரு வீடியோதான் காரணம். முக்கோண வறுவல் ஒன்றை யாரோ எடுக்க, சீஸ் நூல் நூலாக அதோடு கூடவே வந்தது. எங்கள் ஊரான சுங்கை பெசாரில் அதெல்லாம் கிடைக்காது என்று அப்பா சொல்லிவிட்டார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர் அவர். அந்த வட்டாரத்துச் சாப்பாட்டுக் கடைகள் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. தேநீர் ஆறியிருந்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவாங்கில் ஒரு கல்யாணம். பந்தியில் நான் ஒரு வாய்கூட வைக்கவில்லை, வயிற்றைக் காலியாக வைத்திருந்தேன். ஆச்சரியமாக அம்மா என் பக்கம் சேர்ந்துகொண்டார்.

"புக்கிட் செந்தோசாவுல ஒரு வெஸ்டர்ன் கடை இருக்குங்க. அங்க கூட்டிட்டுப் போங்க."

வழியில் வேறு கடைகளைக் கண்டு அப்பா காரை மெதுவாக்கினார். "அந்தக் கடைதான் வேணும்" என்று அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்காக அம்மா இவ்வளவு பிடிவாதம் பிடித்து நான் பார்த்ததே இல்லை.

அவர்கள் இருவருக்கும் கல்யாணச் சாப்பாடே நெஞ்சு வரை இருந்தது. அதனால் நாச்சோஸ் ஒரு தட்டு மட்டும் சொன்னோம். அது வந்தது. வறுவலின் மேல் மஞ்சளாக ஏதோ ஊற்றியிருந்தார்கள். நூலும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. நறுக்கிப் போட்ட தக்காளியின் தண்ணீர் தட்டின் அடியில் தேங்கி நின்றது. அப்பா ஒன்றை எடுத்தார். அது அவர் விரலிலேயே மடிந்து தொங்கியது.

"மழையில நனைஞ்ச கெரோப்போக் அப்பளம் மாதிரி இருக்கு. இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? எந்திரிங்க, போலாம்."

அவர் கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுதால் காரியம் ஆகாது என்பதும் தெரிந்திருந்தது. தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைப் பக்கம் நடந்தேன். அங்கே தட்டு வைக்கிற சன்னலுக்குப் பின்னால், தலையில் வலைத்தொப்பி போட்ட ஒரு பெண் நின்றிருந்தார்.

"அக்கா, இது நமுத்துப்போச்சு. வேற போட்டுக் குடுங்க."

அவர் என்னையே பார்த்தார். "யாரு கூடமா வந்திருக்க?"

எங்கள் மேசையைக் காட்டினேன். அவர் அங்கே பார்த்தவர், பார்த்தபடியே நின்றுவிட்டார். அடுப்பில் ஏதோ சுறுசுறுவென்று தீய்ந்துகொண்டிருந்தது.

"அப்பாவுக்கும் பிடிக்கல. போலாங்கிறாரு" என்றேன்.

"போயிடாதீங்கன்னு சொல்லு. நான் வேற போடறேன். இப்பவே போடறேன்லா, போயிடாதீங்கன்னு சொல்லு."

வெற்றிக் களிப்போடு திரும்பி வந்து அதை அப்படியே ஒப்பித்தேன். அப்பா நிமிர்ந்து சன்னலைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா பார்வையைத் தாழ்த்தவில்லை. "உக்காருங்க" என்றார். அப்பா உட்கார்ந்தார்.

இரண்டாவது தட்டு மலை மாதிரி வந்தது. அந்த மஞ்சள் குழம்பை மேலும் தாராளமாக ஊற்றியிருந்ததால், முன்னதைவிட மோசமாக ஊறிப்போயிருந்தது. "இதுவும் அப்படித்தான் இருக்கு" என்று நான் தட்டைத் தள்ளினேன். அப்பா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தலை குனிந்தபடி ஒவ்வொன்றாக எடுத்து மென்றார். வேர்த்தது, நிறுத்தவில்லை. அம்மா நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கவில்லை. கடைசித் துண்டால் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, எழுந்து, காலித் தட்டைத் தானே கொண்டுபோய்ச் சன்னலில் வைத்தார்.

"நல்லா இருந்துச்சு" என்றார்.

உள்ளே இருந்தவர் ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார். அப்பா விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

சமையலறையில் இருந்த அந்தப் பெண் அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை. வீட்டாரை மீறித் தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டதற்காக, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தார். எங்கள் வீட்டில் அவருடைய ஒரு படம்கூட இல்லை. அந்தக் கடையில் அவர் வேலைக்குச் சேர்ந்தது அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிய வந்தவை. அன்று நான் காரில் ஏறியதும் கேட்டது ஒன்றுதான்.

"ஏன்பா பொய் சொன்னீங்க?"

அப்பா காரைக் கிளப்பினார்.

மறுமாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "புக்கிட் செந்தோசா போய் நாச்சோஸ் சாப்பிடலாமா?" என்றார். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே குமட்டியது. வரமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டேன். அம்மா காலைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"அப்பாவுக்கு ருசியே தெரியலமா" என்று அவரிடம் முறையிட்டேன்.

அம்மா சிரித்துக்கொண்டே எனக்குப் புதுச் சட்டையைத் தேடி எடுத்தார். நாச்சோஸ் தின்னப் போவதற்குப் புதுச் சட்டை எதற்கு என்பது எனக்குப் புரியவில்லை.