ஆரோக்கியம் கட்டம் முழுக்க நிரப்பிய ஞாயிற்றுக்கிழமை

ஆரோக்கியம் போய்விட்டான். இன்று விடியற்காலை... மாரடைப்பு.

சிதம்பரம் மேல வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன். என் குறுக்கெழுத்துப் பதிவுகளில் எல்லாம் முதல் ஆளாக வந்து வம்பிழுப்பானே, அவன்தான்.

எட்டு வருடம் முன்னால், ஞாயிறு பேப்பரில் சரியாக விடை எழுதியவர்கள் பட்டியலில் என் பெயரைப் பார்த்துவிட்டு, பஸ் ஏறி கடலூர் முதுநகரில் இருக்கும் என் மெடிக்கல் ஷாப்புக்கே வந்துவிட்டான். மாத்திரை வாங்க வந்த ஆள் என்று நினைத்தேன்.

"மேலிருந்து கீழ் ஏழுக்கு என்னா போட்டீங்க? ...ஐயோ, சொல்லாதீங்க! சின்னதா க்ளூ மட்டும் குடுங்க போதும்."

அதுவே பிறகு எங்கள் வாட்ஸப் குரூப்பின் சட்டம் ஆனது. மொத்தம் ஐந்து பேர். க்ளூ கேட்கலாம், கெஞ்சலாம், திட்டலாம்... விடையை மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

ஒரு வாரம் இப்படி ஒரு குறிப்பு: 'அலை புரளும் இடத்தோடு கிராமமும் சேர்ந்தால் கலெக்டர் வந்து உட்காருவார் (4)'. உட்காருவார் என்றால் நாற்காலிதான் என்று மூன்று நாள் அடம்பிடித்தேன்.

ஆரோக்கியம் போன் செய்தான். "மச்சான், கடைக்கு வெளிய வந்து போற பஸ்ஸைப் பாரு. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

போய்ப் பார்த்தேன். போர்டில் 'கடலூர்' என்று எழுதியிருந்தது. பிறந்ததிலிருந்து இருக்கும் ஊர்! ஒரு மாதம் என்னை ஓட்டித் தள்ளினான்.

போன வருடம் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது... அதோடு பேச்சும்.

தண்ணீர் வேண்டும் என்றால்கூட அந்த வார்த்தை வராது. அவன் மனைவி மேரி ஞாயிற்றுக்கிழமை பேப்பரை முன்னால் வைப்பாள், வெறும் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருப்பான். இனிமேல் அவனால் குறுக்கெழுத்து போட முடியுமா என்று கேட்டால் டாக்டர், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு அவனுக்காகவே மூன்று விடைகளை குரூப்பில் போட்டுவிட்டேன். அடுத்த நிமிடம் ஆரோக்கியம் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டான்.

மேரி போன் செய்தாள். "அண்ணே, போனைத் தூக்கி எறிஞ்சிட்டாரு. சாப்பிடவும் மாட்டேங்கிறாரு. என்னா போட்டீங்க அதுல?"

மறுநாளே ஓடினேன். எதிரில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். இடது கையால் என் சட்டையைப் பிடித்து, வாய் கோண, முகமெல்லாம் வியர்த்து...

"சொல்... லா... த."

நோய் வந்த பிறகு அவன் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை. மேரி அழுதுவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷம் அதைவிட ஜாஸ்தி. அங்கேயே திரும்ப குரூப்பில் சேர்த்தேன்.

அதற்கப்புறம் வாரம் ஒரு விடை அவனாகவே போட்டான். பிறகு இரண்டு. சில வாரம் ஒன்றுமே இல்லை... நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, காலை எட்டு மணிகூட ஆகவில்லை. குரூப்பில் ஒரு போட்டோ வந்தது, விடையைப் படிக்க முடியாதபடி தள்ளி நின்று எடுத்தது. இடது கையில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கோணல் எழுத்து. ஆனால் ஒரு கட்டம் பாக்கி இல்லை. அடுத்த வாரம் பேப்பரில் விடைகள் வந்தபோது பார்த்தால், ஒன்றுகூடத் தப்பில்லை!

காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில் பாஷா பாய் வாய்ஸ் நோட்டில் கத்தினார்: "மாஷா அல்லாஹ்! போட்டுட்டான்யா! நான் இன்னும் பாதிகூட தாண்டல, அவன் முடிச்சிட்டான்யா!"

நான் கடையில் நின்று போட்ட கூச்சலில் ஒரு கஸ்டமர் மிரண்டுபோனார். அவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஊருக்கே வாங்கிக் கொடுத்திருப்பேன் அன்றைக்கு.

அத்தோடு விட்டானா? அதன் பிறகு எல்லா ஞாயிறும், அதே மாதிரி தள்ளி எடுத்த அவன் போட்டோதான் முதலில் வந்தது. கூடவே எங்களைக் கேலி செய்து ஒரு சிரிப்பு பொம்மை. பேச்சும் முக்கால்வாசி திரும்பியிருந்தது, அதிலும் பாதி எங்களைத் திட்டத்தான்.

போன ஞாயிறும் அவன்தான் முதல். நாங்கள் நாலு பேரும் முடிக்கும்போது செவ்வாய்க்கிழமை.

சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். உன்னிடம் தோற்ற நாலு பேரும் வருகிறோம், மச்சான்.