வாசற்படியில் நின்று கேட்காதவள்

ரிம்மா சவேல்யெவ்னா வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் நிற்பவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அந்த ஊரில் வாசற்படிக்கு மேலாக யாரும் எதையும் கைமாற்ற மாட்டார்கள். உப்பானாலும் சாவியானாலும் ஒருவர் உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் மற்றவர் வெளியே வர வேண்டும். மீறினால் சண்டை வரும் என்பார்கள். ரிம்மா அந்த வழக்கத்தைக் கேள்விகளுக்கும் சேர்த்துக்கொண்டாள். கதவு திறந்ததும் ஒரு எட்டு பின்னால் போய், கேள்வித்தாள் செருகிய அட்டைப் பலகையை மார்போடு அணைத்தபடி கேட்பாள்:

"நான் உள்ள வரட்டுமா, நீங்க வெளிய வர்றீங்களா?"

வானொலிப் பெட்டித் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தவள். தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு, கருத்துக் கணிப்பு நடத்தும் ஓர் அலுவலகத்துக்காக வீடு வீடாகப் போகத் தொடங்கினாள். சலவைத்தூள், தயிர், மேயர், ஓய்வூதியம் என்று எதைக் கேட்கச் சொன்னாலும் கேட்டாள். சலவைத்தூளைப் பற்றிப் பேசும்போது ஜனங்கள் புருஷனைப் பற்றிப் பேசுவதைவிட உண்மையாகப் பேசுகிறார்கள் என்பது அவள் கண்ட முதல் உண்மை.

கேள்வியைத் தொடங்கும்போது, "நீங்க சொல்றது என்னோட இருக்கும்" என்பாள். முடிக்கும்போது, "மத்தவங்க என்ன சொன்னாங்கன்னு அப்புறமா வந்து சொல்றேன்" என்பாள். முதல் வாக்கு அலுவலகம் சொல்லிக்கொடுத்தது. இரண்டாவது அவளாகச் சேர்த்துக்கொண்டது. முடிவு வெளியானதும் ரொட்டிக் கடையிலோ பேருந்து நிறுத்தத்திலோ ஆளைப் பிடித்து, "நாட்டுல பாதிப் பேர் உங்க கட்சிதான்" என்று சொல்லிவிடுவாள். தான் தனியாள் இல்லை என்று தெரிந்துகொள்வதில் ஜனங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு குளிர்கால முடிவில் நாட்டின் படைகள் பக்கத்து நாட்டு எல்லையைத் தாண்டின. நடப்பதைப் போர் என்று சொல்லக் கூடாது என்று சட்டம் வந்தது. ஊருக்கு வெளியே சலவை இயந்திரம் செய்துகொண்டிருந்த வெளிநாட்டுத் தொழிற்சாலை, பொருளாதாரத் தடைகளைக் காரணம் காட்டி வாசலை மூடியது. கடைகளில் சர்க்கரை காணாமல் போனது. அலுவலகத்திலிருந்து புதிய கேள்விகள் வந்தன: நமது படைகளின் நடவடிக்கையை ஆதரிக்கிறீர்களா? தடைகள் உங்களைப் பாதித்தனவா?

சொந்தக் கட்டடத்தில் கேட்கக் கூடாது என்பது விதி. ஆனால் உடன் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். "உங்க படிக்கட்டையும் நீங்களே பாத்துடுங்க" என்று அலுவலகம் சொன்னது. அவள் சரியென்றாள். கேட்கத் தெரிந்தவளுக்கு எந்தக் கதவும் ஒன்றுதான் என்று அவள் நம்பினாள்.

மின்தூக்கி இல்லாத ஐந்து மாடிக் கட்டடம். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் வீடுகள். ரிம்மா கீழிருந்து தொடங்கினாள். இரண்டு மாடி ஏறுவதற்குள் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. வெளியே வந்து பதில் சொன்னவர்கள் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, எதிர்க் கதவைப் பார்த்துச் சொன்னார்கள், அதுவும் உரக்க. உள்ளே கூப்பிட்டவர்களில் சிலர் நேராகச் சமையலறைக்குக் கூட்டிப்போனார்கள், கதவைச் சாத்தினார்கள், குழாயைத் திறந்துவிட்டார்கள், பிறகுதான் அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசினார்கள். ஆதரிக்கிறேன் என்று சொல்வதற்காக யாரும் தண்ணீரை வீணாக்கவில்லை. மகனைப் போர்முனைக்கு அனுப்பியிருந்த ஒரு தாய் மட்டும் கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு, "ஆதரிக்காம? அவன் அங்க இருக்கான்ல!" என்று அழுதாள். ரிம்மா எல்லாவற்றையும் சொன்னது சொன்னபடி குறித்துக்கொண்டாள்.

நான்காவது மாடியில் செராஃபிம் குஸ்மிச் இருந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், மனைவியும் அவருமாக இருந்தார்கள். காதில் கருவி, வாயில் எப்போதும் ஒரு கிண்டல்.

"வா சவேல்யெவ்னா, உள்ள வா. தடையைப் பத்திதானே? எழுதிக்க. சர்க்கரைக்கு டாக்டர் தடை போட்டாரு. வோட்காவுக்கு என் பொண்டாட்டி தடை போட்டா. இதுல வெளிநாட்டுக்காரன் புதுசா எதுக்குப் போடப்போறான்?"

"அப்ப பாதிக்கலைன்னு எழுதிக்கவா?"

"பாதிக்க என்கிட்ட என்ன மிச்சம் இருக்கு, அதைச் சொல்லு."

அடுத்த கேள்விக்கு அவர் சிரிப்பை நிறுத்தினார். எழுந்து போய்க் குழாயைத் திறந்தார். அவர் சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை, அவள் கொடுத்த வாக்கு இங்கேயும் செல்லும்.

எதிர் வீட்டில் ரோத்யோன். மூடிய சலவை இயந்திரத் தொழிற்சாலையில் இயந்திரங்களைச் சீர்செய்யும் வேலை, இப்போது மூன்றில் இரண்டு பங்கு சம்பளத்தில் மனைவி, குழந்தையோடு வீட்டிலிருக்கிறான். கதவைத் திறந்தவன் உதட்டில் விரல் வைத்தான்.

"பாப்பா இப்பதான் தூங்கினா. ஆஸ்யா தரையைத் துடைச்சிருக்கா. உங்க பூட்ஸைப் பாத்தா என்னைக் கொன்னுடுவா. நானே வெளிய வரேன், ரிம்மா சவேல்யெவ்னா."

வெளியே பனி உருகிச் சேறாகியிருந்த நாள். ரிம்மா தன் பூட்ஸைப் பார்த்தாள். அவன் செருப்போடு வெளியே வந்து கதவைச் சாத்தினான். இருவரும் வாசற்படிக்கு ஒரே பக்கம். வழக்கம் மீறப்படவில்லை, அதனால் அவள் மனம் நிம்மதியாக இருந்தது. கீழ் மாடிகளில் கண்டுகொண்டதை அந்த நிம்மதியில் மறந்துபோனாள்.

"நமது படைகளின் நடவடிக்கையை ஆதரிக்கிறீர்களா?"

"இல்ல" என்றான் ரோத்யோன். குரலைத் தாழ்த்தவில்லை. "ஆதரிக்கல. அது போர். அடுத்தவன் வீட்டுக்குள்ள புகுந்துட்டு அதுக்கு வேற பேர் வைக்கிறாங்க. எழுதிக்கங்க."

செராஃபிம் குஸ்மிச்சின் கதவிலிருந்த கண்ணாடித் துளை, அதுவரை வெளிச்சமாக இருந்தது, உள்ளிருந்து யாரோ கண் வைத்ததும் இருண்டது. ரிம்மா அதைப் பார்த்தாள். பார்த்தும் அடுத்த கேள்விக்குப் போனாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான் முடிவில். "நாட்டுல எத்தனை பேருங்கிறதை டிவி சொல்லிடும். நம்ம படிக்கட்டுல என்னை மாதிரி எத்தனை பேர்? அதைச் சொல்லுங்க. ராத்திரியெல்லாம் எனக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருக்கோன்னு தோணுது."

"எல்லா வீடும் முடிச்சுட்டு வந்து சொல்றேன்" என்றாள் அவள், எப்போதும் போல.

அடுத்த வாரம் அந்த வட்டாரத்துக் காவல் அதிகாரி வந்தான். இளம் லெப்டினன்ட், புதுத் தொப்பி. கதவு திறந்ததும் வெளியே நின்றபடியே காகிதத்தை நீட்டினான். ரிம்மா கையை நீட்டவில்லை.

"வாசற்படி மேல எதையும் வாங்க மாட்டேன் தம்பி. விஷயம் என்ன?"

"புகார் வந்திருக்கு. நாலாவது மாடியில லாப்ஷின் ரோத்யோன், படையைக் கேவலமாப் பேசியிருக்காரு. பேசினது உங்ககிட்டதான். அவர் என்ன சொன்னாருன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"போட்டா?"

"முதல் தடவைன்னா அபராதம். இன்னொரு தடவை பேசினா ஜெயில்."

வாயை அடக்கத் தெரியாத ரோத்யோனுக்கு அந்த இன்னொரு தடவை எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று ரிம்மாவுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டால் அவன் தொலைந்தான். அவன் எதுவும் சொல்லவில்லை என்று பொய் எழுதலாம். ஆனால் ஒரே ஒரு பதிலைக்கூட இதுவரை மாற்றி எழுதியதில்லை என்பதுதான் அவளுடைய ஒரே சொத்து. அதோடு, அவனை வெளியே நிற்க வைத்துக் கேட்டவள் அவள்தானே? பூட்ஸைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

"உள்ள வந்து பேசுவோமே" என்றான் லெப்டினன்ட், கீழ்ப் படிகளைப் பார்த்து.

"வேண்டாம். நான் வெளிய வரேன்."

சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். அவள் வீடு மூன்றாவது மாடி, படிக்கட்டின் நட்டநடு. மேலும் கீழும் துளைகள் இருண்டுகொண்டிருப்பதை அவள் பார்க்க வேண்டியதில்லை. கதவுகளுக்குப் பின்னால் செருப்புகள் தேயும் சத்தம் கேட்டது. தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டையைத் திறந்தாள்.

"லெப்டினன்ட்! இந்தப் படிக்கட்டுல எல்லாரும் எனக்குப் பதில் சொல்லியிருக்காங்க! ஒருத்தர் சொன்னதை மட்டும் சொல்றது நியாயம் இல்ல. சொல்லணும்னா எல்லார் சொன்னதையும் சொல்றேன். கீழ் மாடியில இருந்து ஆரம்பிக்கட்டுமா, மேல இருந்தா? குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னதும் என் நினைவுல இருக்கு!"

"மெதுவா, மெதுவா" என்றான் லெப்டினன்ட்.

"ஏன் மெதுவா? எழுதிக்கப்பா. பேனா இருக்கா?"

நான்காவது மாடியில் ஒரு பூட்டு திறந்தது. செராஃபிம் குஸ்மிச் கம்பளிச் சட்டையோடு படியிறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"லெப்டினன்ட், அந்தப் புகார் என்னோடது. அதைத் திருப்பி வாங்கிக்கறேன்."

"ஏன்?"

"அன்னிக்கு என் காதுக் கருவியில பேட்டரி இல்ல. அது வெளியூர்ச் சாமான், இப்ப வர்றதில்ல. எனக்கு ஒண்ணும் கேக்கல. அவன் வாயசைச்சான், அவ்வளவுதான்."

"கேக்காமலா இவ்வளவு எழுதினீங்க?"

"கிழவன்பா. எழுதிட்டேன்." காதைத் தொட்டுக் காட்டினார். "தடை யாரையும் பாதிக்கலைன்னு சொல்றாங்க. பாரு, என்னைப் பாதிச்சிருச்சு."

லெப்டினன்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தான். கீழே இறங்கும்போது அவனுக்கே நிம்மதி போலத்தான் இருந்தது, நடை வேகமாக இருந்தது.

"எதுக்குப் புகார் குடுத்தீங்க, குஸ்மிச்?" என்று கேட்டாள் ரிம்மா, சன்னமாக.

"கேட்டுட்டுச் சும்மா இருந்தா நானும் கூட்டாளின்னு ஆயிடும்னு பயந்தேன்." கிழவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "நீ உண்மையாவே சொல்லியிருப்பியா சவேல்யெவ்னா?"

"மாட்டேன்."

"எனக்கு அது தெரியல."

அந்த வார்த்தை அவளைக் குத்தியது. ஆனால் அன்று செய்ததற்காக அவள் வருந்தவில்லை. இன்னொரு முறை வந்தாலும் அதையேதான் செய்வாள், இன்னும் உரக்கச் செய்வாள். ஒன்று மட்டும் மாறியது. அதன் பிறகு அந்தப் படிக்கட்டில் அவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ரொட்டி கொடுத்தார்கள், ஊறுகாய் கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. அவள் வேறு தெருக்களுக்குப் போய்க் கேட்டாள். இப்போதெல்லாம் முதலில் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் கதவைத் தட்டுகிறாள்.

கோடை முடிவில் ரோத்யோன் குடும்பத்தோடு கஜகஸ்தானுக்குக் கிளம்பினான். அங்கே ஒரு பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சாவியைக் கொடுக்க வந்தவன், சொல்லாமலே வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து கொடுத்தான்.

"நீங்க எனக்கு ஒரு பதில் பாக்கி வெச்சிருக்கீங்க. நம்ம படிக்கட்டுல எத்தனை பேர்?"

ரிம்மாவுக்கு அந்த எண் மனப்பாடம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இது நாடு இல்லை, ஒரு படிக்கட்டு. எண்ணைச் சொன்னால் அவன் ரயிலேறுவதற்குள்ளேயே ஒவ்வொரு கதவாக எண்ணிப் பார்ப்பான், யார் யார் என்று கண்டுபிடித்துவிடுவான். அவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால், எல்லோருக்கும் கொடுத்த வாக்கு உடையும். அவன் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்து அவளுக்கே பொறுக்கவில்லை.

"உனக்குப் பைத்தியம் பிடிக்கல, ரோத்யா. இப்போதைக்கு அதை மட்டும் வெச்சுக்க."

"அது எண் இல்லையே."

"எண் கடனா இருக்கட்டும்."

இன்றும் ஒவ்வொரு பண்டிகைக்கும் அவனிடமிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது. வாழ்த்துக்குக் கீழே ஒரே ஒரு சொல்: "எத்தனை?" ரிம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, அதே பதிலை அனுப்புகிறாள்: "நேர்ல வா. உள்ள வந்து உக்காரு. அப்புறம் சொல்றேன்."

அவன் இன்னும் வரவில்லை. செடிகள் நன்றாக இருக்கின்றன.