வௌவால் இறக்கை வைத்த அந்தோணி

காலை ஒன்பதரைக்குப் பொம்மிடியில் ரயிலைவிட்டு இறங்கினேன். அங்கிருந்து ஏழு கிலோமீட்டரில் ஒரு கிராமம். அதன் மாதா கோயில் பக்கச் சுவரில் நரகம் வரைந்திருக்கிறார்கள், சாத்தான்களுக்கு வௌவால் இறக்கை என்று கேள்வி. ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். நரகத்துக்கு இதைவிட மலிவாகப் போய்ச் சேர்ந்தவர் யாரும் இருக்க முடியாது.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. வீட்டில் யாரும் கேட்பதில்லை. நம் எமதூதர்கள் கயிற்றோடு நடந்து வருகிறவர்கள். சிறகெல்லாம் கருடன் போன்ற மேலிடத்தாருக்குத்தான். கடல் தாண்டி வந்த நரகத்தில்தான் பேய்கள் பறக்கின்றன. சாத்தான் முன்னாள் தேவதூதன் அல்லவா? விழும்போது இறகுகள் உதிர்ந்து தோல் மட்டும் மிஞ்சியிருக்க வேண்டும்.

பத்து மணிக்குச் சுவர் முன்னால் நின்றேன். திருவிழாவுக்காக, ஏணிமேல் நின்று புது வர்ணம் பூசிக்கொண்டிருந்தார் பெயிண்டர் சவரி. கீழே, வயல் வேலையிலிருந்து வந்த ஒரு பெண், மரியபுஷ்பம். இருவருக்கும் நடுவே, முறுக்கு மீசையோடு பெரிய சாத்தான். நெருப்புக்கு நடுவில் வாய்கொள்ளாமல் சிரித்தது.

“இது இவங்க வூட்டுக்காரருங்க,” என்றார் சவரி. “வரையறப்ப மூஞ்சியே அமையல. அந்தோணி அண்ணந்தான் ‘என்னையப் போடுடா’ன்னு வந்து நின்னாரு.”

“வூட்டுக்கு ஒறம்பறை யாரு வந்தாலும் மொதல்ல இங்கதான் கூட்டியாருவாரு,” என்றார் மரியபுஷ்பம். “இப்ப அவரு போயிட்டாருங்க. ஆடி மாசம், நெஞ்சு வலி. எம்புள்ள பூசைக்கு வந்தா இந்தப் பக்கமே திரும்ப மாட்டேங்குது. அதான் மூஞ்சிய அழிக்கச் சொன்னேன்.”

சவரி பிரஷ்ஷை முக்கி மீசையருகே கொண்டுபோனார்.

“இருங்கண்ணா!”

பிரஷ் நின்றது. மரியபுஷ்பம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்த போட்டோலயும் இப்பிடிச் சிரிச்சதில்லீங்க. ஆதார்ல பாத்தா திருடன் மாதிரி இருக்காரு.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “மூஞ்சி இருக்கட்டும். ரெக்கைய மாத்துங்க. வெள்ளையா, இறகு வெச்சது.”

“நரகத்துக்குள்ள சம்மனசு ரெக்கையா? தேவதூதருக்குப் போடறத சாத்தானுக்குப் போட்டா ஃபாதரு என்னையத் திட்டுவாருங்க புஷ்பம்.”

“வழி தெரியாம வந்து மாட்டிக்கிட்டாருன்னு சொல்லுங்க. ரெக்கை இருந்தா அவரே வெளிய வந்துக்குவாரு.”

சவரி என்னைப் பார்த்தார். இறக்கைகளைப் பற்றி ஒரு கொள்கையே வைத்திருந்த நான், ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு இடது இறக்கை முடிந்தது. புறா மாதிரி வெள்ளை வெளேரென்று. வலது இன்னும் வௌவால். கடைசி ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து, “ரயிலு போயிருங்க சார்!” என்றார்.

ஒற்றை இறக்கையோடு அந்த மனிதரை நெருப்பில் விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது? ரயில் போகட்டும் என்று ஆட்டோக்காரருக்குக் கையசைத்தேன்.