துரு டாக்டர் அடைத்த ஓட்டைகள்

என் வீட்டுக்காரரை இந்த ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. துரு டாக்டர் என்றால்தான் துறைமுகத்திலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் தெரியும். பால்கனிக் கம்பி, ஜன்னல் கம்பி, மொட்டைமாடிக் கைப்பிடி, எது துருப்பிடித்தாலும் அவரைத்தான் தேடுவார்கள். சுரண்டுவார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், இரண்டு கோட் பெயின்ட் அடிப்பார். முடித்ததும் இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்து ரசிப்பார். கல்யாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

கடலோர ஊரில் துருவுக்குப் பஞ்சமா? வெளியூர்க்காரர்கள் வந்தால், "ஜன்னலைத் திறந்தா கடல், கொடுத்து வச்சவங்க" என்பார்கள். நாம் கடலைப் பார்க்க வாடகை கூடுதல், கடல் நம்மைப் பார்ப்பதற்குத் தனிச் செலவு. சாவி பூட்டில் திரும்பாது. ஃப்ரிட்ஜின் அடித்தகடு உதிரும். சைக்கிளை ஒரு மழைக்காலம் வெளியே விட்டால் அப்புறம் பழைய இரும்புக்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

ஊரும் பெரிசுமில்லை, சிறிசுமில்லை. பெரிய நகரத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது. சின்ன ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எங்கள் ஊரில் பாதி தெரியும், மீதியை அவரவர் இட்டுக்கட்டிக்கொள்வார்கள். அதில் நானும் ஒருத்திதான்.

பால்கனிக் கம்பியெல்லாம் உள்ளே வெறும் குழாய். வெல்டிங் வைத்த இடத்துச் சந்துகளில் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். அது வடிவதற்கு ஒவ்வொரு தூணின் அடியிலும் பட்டாணி அளவுக்கு ஓட்டை இருக்கும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் பல் டாக்டர் வீட்டு அம்மா, அந்த ஓட்டை வழியாகத் துருத்தண்ணீர் வடிந்து வெள்ளைச் சுவரெல்லாம் கறை என்று குறைப்பட்டார். "சுவரு அழுதுக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்குங்க" என்றாராம். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஓட்டையில் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் பூசிவிட்டார். கறை நின்றுபோனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள், எங்களுக்கும் அப்படியே செய்யுங்கள் என்றார்கள். துரு டாக்டர் பூசினால் சுவரில் ஒரு சொட்டு வடியாது என்று பேர் பரவியது. எங்கள் வீட்டுப் பால்கனியிலும் அடைத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போர்வையைப் பிழிந்து எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். இரண்டாவது மாடி. போர்வையைக் கம்பிமேல் போட்டு, ஓரத்தை இழுத்துவிடக் கொஞ்சம் சாய்ந்தேன். அவ்வளவுதான். மளுக்கென்று ஒரு சத்தம். தூண் அடியோடு ஒடிந்து கம்பி வெளிப்பக்கம் போனது. போர்வை போனது. என் ஒரு கால் செருப்பும் போனது. என் கை எப்படிக் கதவு நிலையைப் பிடித்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. 

அவர் ஓடி வந்து என்னை உள்ளே இழுத்துப் போட்டார். பிறகு தொங்கிக்கொண்டிருந்த குழாயைப் பிடித்துத் திருகி எடுத்தார். உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர் கொட்டியது. அதற்குப் பின்னால் துரு, செதில் செதிலாக. வெளியே பெயின்ட் மட்டும் நேற்று அடித்தது போல மின்னியது. இரும்பு போய்விட்டது, பெயின்ட்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

"நான் செத்திருப்பேன். நீங்க குழாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "மூணாவது மாடி" என்றார்.

"நாம இருக்கிறது ரெண்டாவது."

"கிரேன்காரர் வீடு மூணாவது மாடிடி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் மகனுக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதம். மகன் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போகிறேன் என்றானாம். சத்தம் தெருவரைக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மனுஷன் பால்கனிக் கம்பியோடு கீழே கிடந்தார். உயிர் அங்கேயே போய்விட்டது. ஒடிந்த கம்பியைப் பழைய இரும்புக்காரர் அன்று சாயந்திரமே அள்ளிக்கொண்டு போய்விட்டார். விசாரிக்க வந்த போலீஸ்காரர் பெயின்ட் அடித்தவர் யார் என்று கேட்டு இவரைக் கூப்பிட்டார். நானும் கூடவே நின்றேன். தெருவே நின்றது. இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"ஒவ்வொரு தூணா தட்டிப் பாத்துட்டுத்தான் பூசினேன் சார். ஆள் சாஞ்சா அது ஒடியாது. யாராவது தள்ளியிருந்தாத்தான் ஒடியும்."

கண்ணால் பார்த்த சாட்சி இல்லாததால் கேஸ் நிற்கவில்லை. ஊர் வாயில் நின்றுவிட்டது. கீழ் வீட்டுக்காரியிடம் நான் கண், காது, மூக்கு வைத்துச் சொன்னேன். அப்பனைத் தள்ளினவன் என்று அந்தப் பையனுக்குப் பேராகிவிட்டது. அவன் வேறு ஊருக்கும் போகவில்லை. ஐஸ் ஃபாக்டரிப் பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டான். பெற்றவளே பேச்சை நிறுத்திவிட்டாள்.

வாய்விட்டுச் சொல்லவே கூசுகிறது, ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை இது புரிந்ததும் நான் முதலில் சொன்னது இதுதான்: "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. போனவரு திரும்பி வரப் போறாரா?"

அவர் ஃபோனை எடுத்து, ஓட்டை அடைத்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பேசினார். நாற்பது வீடு இருக்கும். "நான் துரு டாக்டர் பேசறேன். பால்கனிக் கதவைப் பூட்டி வைங்க. யாரும் கம்பியில சாய வேண்டாம். தப்பு என்னோடதுதான்." ஒருத்தர் சிரித்தார், இரண்டு பேர் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். எல்லாம் முடிந்ததும் ஒடிந்த குழாயைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். தனியாக அனுப்ப மனசு வரவில்லை.

கிரேன்காரரின் மனைவி படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தவர். யாரையும் நிமிர்ந்து பார்க்காமலே சில்லறை கொடுக்கிற கை. கதவைத் திறந்தார். பால்கனிக் கதவுக்கு முன்னால் பீரோவை நகர்த்தி வைத்திருந்தார். வாசலுக்கு உள்பக்கம் ஒரு பை, அரிசி, சோப்பு, மாத்திரை. மாசாமாசம் மகன் கொண்டுவந்து வைத்துவிட்டு மணி அடிப்பானாம். அவன் படி இறங்கிப் போனபிறகுதான் இந்த அம்மா கதவைத் திறப்பாராம். அதுவும் ஊருக்கே தெரிந்த கதைதான்.

என் வீட்டுக்காரர் குழாயை மேஜைமேல் வைத்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. இது எங்க வீட்டுத் தூணு. இன்னைக்குக் காலையில இவ சும்மா சாஞ்சதுக்கே ஒடிஞ்சு போச்சு. தண்ணி வடியுற ஓட்டையை நான்தான் அடைச்சேன். உங்க வீட்டுலயும் அடைச்சேன். உள்ளேயே தண்ணி நின்னு இரும்பைத் தின்னுடுச்சு. யாரும் தள்ளியிருக்க வேண்டியதே இல்ல."

அந்த அம்மா குழாயை எடுத்தார். உள்ளே விரலை விட்டார். துரு நகக்கண் வரைக்கும் அப்பிக்கொண்டது. அடித்துவிடுவார் என்றே நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் அன்னைக்கே சொன்னான்" என்றார். "கோவிச்சுக்கிட்டு அப்பா போய்ச் சும்மா சாஞ்சாரும்மா, நான் சமையக்கட்டுல தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தேம்மான்னு காலைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான். பெத்த புள்ள சொன்னதை நான் நம்பல. நீங்க தொழில் தெரிஞ்சவருன்னு உங்களை நம்பினேன்."

என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருஷமாக நான் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக என் காதிலேயே விழுந்தது.

அந்த அம்மா செல்ஃபோனை எடுத்து விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். "நம்பரை அழிச்சுட்டேன்" என்றார். "உங்ககிட்ட இருக்கா?"

எங்களிடம் இல்லை. ஃபோனை மேஜைமேல் போட்டுவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல், வெறுங்காலோடு படியில் இறங்க ஆரம்பித்தார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். ஐஸ் ஃபாக்டரி எங்கே இருக்கிறது என்று எங்களைக் கேட்கவில்லை. மூன்று மாடியும் இறங்கி முடிகிற வரைக்கும், "சும்மா சாஞ்சாருன்னு சொன்னான், சும்மா சாஞ்சாருன்னுதான் சொன்னான்" என்று அதையே சொல்லிக்கொண்டு போனார்.